அடுத்த தெரு

சித்தூர்
9 ஜூன் 2024

அண்ணாவுக்கும் மன்னிக்கும் ஸ்ரீவல்லியின் நமஸ்காரம். இங்கே நானும் அவரும் கன்னிகாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

போனில் பேசினால் உனக்கும் எனக்கும் உடனே குரல் ஏறிவிடுகிறது. மலைக்குப் பெருமாள் கைங்கர்யத்துக்குப் போய்விட்டால் உன் கையில் போனே இருக்காது. அம்மாவுக்கோ காது சுத்தமாகக் கேட்பதில்லை. அப்பா காரியம் முடிந்த அன்று நீயேதான் சொன்னாய், "இனிமே எதுவா இருந்தாலும் எழுதிடு ஸ்ரீவல்லி. கோபம் வந்தா மடிச்சு வெச்சுட்டு அப்புறமா படிச்சுக்கலாம்" என்று. என் கல்யாணத்துக்குப் பிறகு அத்தனை வருஷம் பேசாமல் இருந்தவன் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நல்ல செய்தி. அவருக்குப் பிரமோஷன் வந்து திருப்பதி மின்வாரிய ஆபீசுக்கே மாற்றியிருக்கிறார்கள். எனக்கும் கவுன்சிலிங்கில் திருப்பதியை ஒட்டிய ஹைஸ்கூல் கிடைத்துவிட்டது. வீடு அமையும் வரை சித்தூரிலிருந்தே போய் வந்துகொள்வோம். வாடகை வீடு போதும், சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் இரண்டு அறை வேண்டும். ஒன்று ராமகுப்பத்திலிருந்து மாமனார் மாமியார் வந்தால் தங்க. பட்டுப்புழு வளர்ப்பில் ஓய்வு கிடைக்கிற நாட்களில் இனி எங்களோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று அம்மா எப்போது வேண்டுமானாலும் வந்து இருக்க.

உங்கள் கைங்கர்ய நகரிலேயே ஏதாவது கிடைக்குமா, பார். அம்மாவைத் தினமும் பார்க்கலாம் என்று நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
ஸ்ரீவல்லி


ஸ்ரீ:
திருப்பதி
27 ஜூன் 2024

சௌபாக்கியவதி ஸ்ரீவல்லிக்கு வேங்கடேஷின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே அனைவரும் க்ஷேமம். குழந்தை கன்னிகா நன்றாகப் படிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

திருப்பதிக்கு வருவது பற்றி மகிழ்ச்சி. விசாரித்தேன். ரேணிகுண்டா சாலையில் ஏர்போர்ட்டை ஒட்டிப் புது லேஅவுட்டுகள் வந்திருக்கின்றன. நல்ல காற்று, விசாலமான தெருக்கள். சந்திரகிரி தாண்டியும் ஒன்று இருக்கிறது. எதிர்காலத்தில் அந்தப் பக்கம்தான் வளரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எங்கள் காலனி உங்களுக்குச் சரிப்படாது. தண்ணீர் உப்பு. மழை பெய்தால் தெருவில் தேங்குகிறது. கொசு வேறு.

அம்மா சுகமாக இருக்கிறாள். கவலை வேண்டாம்.

நலம் விரும்பும்,
வேங்கடேஷ்


சித்தூர்
14 ஜூலை 2024

அண்ணாவுக்கு ஸ்ரீவல்லியின் நமஸ்காரம். நாங்கள் நலம். மன்னிக்குத் தலைச்சுற்றல் நின்றதா என்று எழுது.

நீ சொன்ன இரண்டு இடங்களையும் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்தோம். மாமனாரும் ராமகுப்பத்திலிருந்து வந்திருந்தார். ரேணிகுண்டா பக்கம் நாங்கள் நின்ற இடத்தில் விமானம் தலையை உரசுவதுபோல் இறங்கியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னாம்மா இது, வூடு பாக்க வந்தமா, ஏரோப்ளேன் ஏற வந்தமா?" என்றார். சந்திரகிரி தாண்டி எல்லைக் கல்லும் நாயும்தான் இருந்தன. பஸ் கிடையாது. பள்ளிக்கூடம், மருந்துக்கடை எதுவும் கிடையாது. இந்த இடங்களை நீ நேரில் பார்த்தாயா அண்ணா?

ஒரு விஷயம். சீனு என்று ஒரு வீட்டுத் தரகர். உன் வீட்டுக்குப் பின் தெருவில் ரங்கையா என்பவருடைய வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று அவர் சொன்னார். "கீழ ரெண்டு ரூம் மேடம். பின்னாடி தனியா ஒரு வண்ட இல்லு. பாத்தீங்கன்னா விடமாட்டீங்க" என்றார். பின்கட்டில் இன்னொரு சமையலறை இருப்பது எங்களுக்கு எவ்வளவு சௌகரியம், யோசித்துப் பார். அம்மா வந்தால் அவள் தளிகைக்கு ஒன்று, மாமியார் வந்தால் அவர் சமையலுக்கு ஒன்று. காலனித் தண்ணீர் கற்கண்டு மாதிரி இருக்கும் என்றும் சொன்னார். நீ உப்பு என்று எழுதியிருந்தாய். சீனு விற்கிறவர், அப்படித்தான் சொல்வார் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ ஒரு நடை போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு எழுது. உனக்கு அடுத்த தெருதானே. அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு.

அன்புடன்,
ஸ்ரீவல்லி


ஸ்ரீ:
திருப்பதி
20 ஆகஸ்ட் 2024

சௌபாக்கியவதி ஸ்ரீவல்லிக்கு ஆசீர்வாதம். க்ஷேமம். பவித்ரோத்ஸவ வேலையில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

ரங்கையாவின் வீட்டைப் பார்த்தேன். தெற்கு வாசல். சுவரெல்லாம் ஓதம். ரங்கையாவும் பேச்சு மாறுகிற மனிதர். அநேகமாக வேறு யாருக்கோ முடிந்துவிட்டது என்று கேள்வி. அதை மறந்துவிடு. புத்தூர் சாலையில் ஒரு நல்ல மனை இருக்கிறது. சீனு மாதிரி ஆட்களை நம்ப வேண்டாம்.

இங்கே வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம். சாமான்கள் எல்லாம் இறைந்து கிடக்கின்றன. இந்த மாதம் நீங்கள் வர வேண்டாம். அம்மா சுகம்.

வேங்கடேஷ்


சித்தூர்
1 செப்டம்பர் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். நலம், நலமறிய ஆவல்.

சீனுவிடம் கேட்டேன். வீடு யாருக்கும் முடியவில்லை. கிழக்கு வாசல்.

அம்மாவுக்கு வைத்த தாளுக்குப் பதில் இல்லை. என் கடிதம் வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதுகிறவள் அவள்.

இன்னொன்றும் கவனித்தேன். உன் இரண்டு கடிதத்திலும் என் ஆத்துக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முரளி சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. இடம் சொன்னதெல்லாம் ஊருக்கு வெளியே. நாங்கள் உன் பக்கத்தில் இருப்பதில் உனக்கு இஷ்டம் இல்லையா? இல்லை என்றால் இல்லை என்று எழுது. சுவரையும் தண்ணீரையும் சாக்குச் சொல்லாதே.

ஸ்ரீவல்லி


சித்தூர்
22 செப்டம்பர் 2024

அண்ணா,

க்ஷேமம் விசாரிக்க மனம் இல்லை. ஆனாலும் அம்மா உன்னிடம் இருக்கிறாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவருமே ரங்கையா வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதர். நெல்லூரில் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். அறை அறையாகத் திறந்து காட்டினார். எங்கேயும் ஓதம் இல்லை. குழாயைத் திறந்து ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். குடித்தேன். அதன் ருசியை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை, நீ தினமும் குடிக்கிறாய்.

பேச்சு முடிகிற நேரத்தில் நான்தான் வாயைத் திறந்தேன். "முன் தெருவில் வேங்கடேஷ் இருக்காரே, அவர் என் அண்ணாதான்" என்றேன். ஒரு பெருமையில் சொன்னேன். ரங்கையாவின் முகம் மாறிவிட்டது. என் ஆத்துக்காரரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏமண்டி, நீங்கதானா அது?" என்றார்.

"எது?" என்று கேட்டேன்.

"வேங்கடேஷ் சாமி வந்து சொன்னாருமா. தங்கச்சி வூட்டுக்காரங்க கேப்பாங்க, குடுக்காதீங்கன்னாரு. அவங்க ராமகுப்பம் ஆளுங்க, சொந்தக்காரங்க கூட்டமா வருவாங்க, போவாங்க, கோழி, கறின்னு இருக்கும், காலனி பேரு பூடும்னாரு. நானே வேற பார்ட்டி கூட்டினு வரேன்னாரு. இன்னும் யாரும் வரல."

இதை அவர் உன் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சொன்னார், அண்ணா. வேண்டுமென்று சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். இதை எல்லாம் கேட்டபோது அவருடைய பின்கட்டிலிருந்து கோழிக் குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக உன் முதுகுக்குப் பின்னால் அந்தக் குழம்பு கொதிக்கிறது. அதனால் உங்கள் காலனியின் பேர் கெடவில்லை. நாங்கள் சமைத்தால் மட்டும் கெட்டுவிடும். அப்படியானால் உனக்கு இடைஞ்சல் குழம்பு இல்லை. அது எது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ரங்கையாவிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கோழியின் தலையில் போட்டாய்.

உன் மாப்பிள்ளை கையில் இருந்த தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, "வரோம் சார்" என்று எழுந்தார். தெருவில் இறங்கினதும், "உங்கண்ணன் வூட்டுக்குப் போய்ட்டு வரியா? நான் இங்கியே நிக்கறேன்" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மற்றவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்பது பழக்கமாகிவிட்ட மாதிரி கேட்டார்.

உன் தெரு முனையில் அம்மா கீரைக்காரியிடம் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா" என்று கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஓடிப்போய்த் தொட்டிருக்கலாம். உன் வாசலில் கால் வைக்க உடம்பு கூசியது.

உன் வீட்டுக்கு வெள்ளை அடிக்கவும் இல்லை.

ஸ்ரீவல்லி


ஸ்ரீ:
திருப்பதி
20 அக்டோபர் 2024

சௌபாக்கியவதி ஸ்ரீவல்லிக்கு ஆசீர்வாதம். பிரம்மோத்ஸவம் நல்லபடியாக நடந்து முடிந்தது. பிரசாதம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகுதான் படித்தேன். ரங்கையா கூட்டிச் சொல்லியிருக்கிறார். நான் சொன்னது வேறு விதம். நீ ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறாய். என் பெரியவளுக்கு ஜாதகம் எடுத்திருக்கிறோம். பிள்ளை வீட்டார் வந்து போகிற தெரு இது. இங்கே எல்லாம் கைங்கர்யக் குடும்பங்கள். ரங்கையாவிடம் சொன்னதைத் தவிர உன் கல்யாண விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. அதைத் தெரிய வைக்க வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். முரளி அவர்கள் நல்லவர்தான், உத்தியோகத்தில் இருப்பவர், நான் மறுக்கவில்லை. வேறு எங்கே வாங்கினாலும் நானே வந்து கிரகப்பிரவேச ஹோமம் பண்ணி வைக்கிறேன்.

அம்மாவிடம் இதெல்லாம் வேண்டாம். வயதானவள்.

வேங்கடேஷ்


சித்தூர்
3 நவம்பர் 2024

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். பிரசாதத்தைக் கன்னிகாவும் மாமியாரும் சாப்பிட்டார்கள். பெருமாள் யாரையும் விசாரிக்கவில்லை.

"முரளி அவர்கள்" என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை என்று எழுத உன் பேனாவுக்கு வரவில்லை.

என் கல்யாணம் அங்கே வேறு யாருக்கும் தெரியாது என்கிறாய். அப்படியானால் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய் அண்ணா? கல்யாணமே ஆகவில்லை என்றா? தங்கையே கிடையாது என்றா? நானும் அவரும் கன்னிகாவும் இல்லாத ஒரு குடும்பத்தை அந்தத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நீ வாழ்கிறாய். அது பொய். அதைக் காப்பாற்ற நான் ஊருக்கு வெளியே எல்லைக் கல் பக்கத்தில் போய் வீடு கட்ட வேண்டுமா?

இப்போது நடந்ததைக் கேள். போன வாரம் ரங்கையாவே போன் செய்தார். "வூடு என்னுதுமா. யாருக்கு விக்கணும்னு அவரு இன்னா சொல்றது? அவரு பார்ட்டி ஒண்ணும் வரல. உங்களுக்கு வேணுமா, வேணாமா?" என்றார்.

எனக்கு உடனே சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. உன் மாப்பிள்ளைதான் தடுத்தார். "வேணாம் ஸ்ரீ. தினம் காலையில எழுந்து அந்த மூஞ்சிங்கள பாத்துக்கினு ஆபீஸ் போவணும். கன்னிகா அந்தத் தெருவுல வெளையாடணும். வேற எடம் பாக்கலாம்" என்றார். நான் வாதாடவில்லை. பட்டுக்கொண்டவர் அவர். முடிவு அவருடையதுதான் என்று இருந்தேன்.

மாமியார் செங்கம்மா தீபாவளிக்கு வந்தவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார். முருங்கைக் கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கீரையை அப்படியே வைத்துவிட்டுப் பேசினார்.

"ஏண்டா முரளி, உங்க நைனா கூலிக்குப் போய்க்கினு உன்ன எதுக்குப் படிக்க வெச்சாரு? அவங்க காட்ற எடத்துல போய் குந்தறதுக்கா? அவங்க போன்னா போவணும், வான்னா வரணும்னு இருந்தது எங்களோட போவட்டும். நாங்க வர்றதுதான் கஷ்டம்னா நாங்க வரல. ராமகுப்பத்துலயே இருக்கறோம். நீ அந்த வூட்டையே வாங்கு."

"நீங்க வரமாட்டீங்கன்னா எனக்கு அந்த வீடு வேண்டாம் அத்தை" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்பன்னா வரேன். அழுவாத, கீரைய ஆய்" என்றார்.

உன் மாப்பிள்ளை போனை எடுத்து ரங்கையாவைக் கூப்பிட்டார்.

அந்த வீட்டைத்தான் வாங்குகிறோம். பிறத்தியார் சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

ஸ்ரீவல்லி


ஸ்ரீ:
திருப்பதி
11 நவம்பர் 2024

ஸ்ரீவல்லிக்கு,

பிடிவாதத்தில் செய்கிறாய். காலனி சங்கத்தில் கேள்வி எழும், அப்போது நான் உங்களுக்காகப் பேச முடியாது. உங்கள் வீட்டுக்கு நாங்கள் யாரும் வர மாட்டோம். அம்மாவும் வர மாட்டாள்.

வேங்கடேஷ்


சித்தூர்
26 ஜனவரி 2025

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பத்திரப் பதிவு முடிந்தது. பதிவுக்கு முந்தின நாள் உங்கள் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் ரங்கையாவிடம் வந்து, சங்கத்தைக் கேட்காமல் விற்கக் கூடாது என்றார்களாம். உன் மாப்பிள்ளை அங்கேயே இருந்தார். "எந்த சட்டத்துல கீது? எழுதிக் குடுங்க, நான் கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுக்கறேன்" என்றார். எழுதிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அவர்களை யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி திங்கட்கிழமை காலை கிரகப்பிரவேசம். ஹோமம் பண்ணி வைக்கிறேன் என்று நீ ஒரு காலத்தில் எழுதினாய். அதை நான் நம்பி உட்காரவில்லை, வேறு சாஸ்திரிகளுக்குச் சொல்லிவிட்டோம். நீ அண்ணாவாக வந்தால் போதும்.

அம்மாவை அனுப்புவதும் அனுப்பாததும் உன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் உன் வீட்டுச் சாமான் இல்லை.

ஸ்ரீவல்லி


கைங்கர்ய நகர், பின் தெரு
9 மார்ச் 2025

சிரஞ்சீவி வேங்கடேஷுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். நீயும் உன் ஆத்துக்காரியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளைச் சேவித்துக்கொள்கிறேன்.

ஒரு தெரு தள்ளி இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. நீ இந்தப் பக்கம் வருவதில்லை. நான் அங்கே வந்து பேசினால், நீ சொல்கிற பதில் எனக்குக் கேட்காது. கேட்காததை வைத்துத்தான் இத்தனை நாள் என்னைச் சமாளித்தாய்.

ரங்கையாவின் சம்சாரம் ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். என் காதருகே வாயை வைத்து, "உங்க பொண்ணுதானே வாங்குது, இனிமே உங்களுக்கு என்ன குறை?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் உன்னைக் கேட்டேன். நீ தலையை ஆட்டி, அதெல்லாம் இல்லை என்றாய். பெற்றவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டினாய்.

ஸ்ரீவல்லி எனக்கென்று வைத்து அனுப்பிய தாளை நீ கொடுக்கவில்லை என்பதும் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. காது போன எனக்கு மிச்சம் இருந்தது கண் ஒன்றுதான். அதையும் மூடப் பார்த்தாய். கோபம் வந்தால் எனக்கு அடங்க நாளாகும் என்று உனக்குத் தெரியும். இன்னும் அடங்கவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் தெரு முனையில் மாவிலைத் தோரணம் தெரிந்தது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். வாசலில் மாப்பிள்ளைதான் நின்றார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தவர், தொடலாமா கூடாதா என்று கொஞ்சம் தயங்கினார். நானே அவர் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினேன். எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே ஏறினேன்.

அன்று சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி செங்கம்மா எனக்குப் பாய் விரித்துவிட்டு, தானும் பக்கத்தில் படுத்தாள். அவளுக்கு என் காது விஷயம் ஒரு பொருட்டே இல்லை. கையாலேயே எல்லாம் பேசுகிறாள். என் தளிகை முன்கட்டில், அவள் சமையல் பின்கட்டில். சம்பந்தி கிருஷ்ணப்பா வெயில் தாழ்ந்ததும் கன்னிகாவைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறார். சங்கத்தில் கேள்வி எழும் என்றாயாமே. சந்தா வசூலிக்கத்தான் வந்தார்கள். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள். போன வெள்ளிக்கிழமை எதிர் வீட்டு மாமி கோலப்பொடி கேட்டு வந்தாள். செங்கம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

உன் பெரியவளின் கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாய். அத்தை இருப்பதை மறைத்துத்தான் பிள்ளை வீட்டார் வர வேண்டும் என்றால், அவர்கள் வராமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது. இதை அவளிடமும் சொல்லப்போகிறேன்.

நான் இனி இங்கேதான். என் ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டும், அப்பாவின் பாராயணப் புஸ்தகமும், இரண்டு ஒன்பது கஜப் புடவையும் அங்கே இருக்கின்றன. வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டு வா. வாசலில் மாப்பிள்ளை இருந்தால் அவரிடம் பேசிவிட்டு உள்ளே வா. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், சௌக்கியமா என்று கேள். அதுவே உன்னிடமிருந்து அவருக்கு இன்னும் வரவில்லை.

இந்த மாடியிலிருந்து உன் மொட்டை மாடி நன்றாகத் தெரிகிறது. காலையில் துளசிக்குத் தண்ணீர் விட வரும்போது நீ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். நான் தினமும் அந்த நேரத்துக்கு இங்கே நாற்காலி போட்டு உட்காருகிறேன், நாளைக்கும் உட்காருவேன். திரும்பிப் பார்.

அம்மா,
வஸுமதி